மச்சாளின் நாயும் நான்கு விமானங்களும்

எங்கள் ஊரில் யாருக்காவது படிவம் நிரப்பவேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பிரதேச சபையில் கிளார்க் வேலை. ஆங்கிலமும் கொஞ்சம் ஓடும். கடவுச்சீட்டோ காணியோ ஓய்வூதியமோ, எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. அதில் எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அண்ணன் சுவிஸுக்குப் போய்ப் பதினொரு வருடம் கழித்துத்தான் அவர் மனைவியை, என் மச்சாளை, கூப்பிட வழி கிடைத்தது. அவ்வளவு காலமும் அவர் வாவிக்கரை வீட்டில் உடுப்புத் தைத்துக்கொண்டு தனியாக இருந்தார். தனியாக என்று நாங்கள்தான் சொல்வோம், அவர் சொல்லமாட்டார். ஒரு மாரி மழைக்கு வேலிக்குள் வந்து ஒதுங்கிய செம்மண் நிறக் குட்டி ஒன்று அவரோடு வளர்ந்து பெரிய நாயாகியிருந்தது. தையல் மெசினுக்குக் கீழேதான் அதன் படுக்கை.

விசாவுக்கு விண்ணப்பம் நிரப்பிய அன்றே மச்சாள் கேட்டார்.

"மச்சான், இதையும் கூட்டிக்கொண்டு போக ஏலுமா? பிளேன்காரன் ஏத்துவானா எண்டு பாத்துச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மீன் தலையும் பழஞ்சோறும் தின்கிற ஊர் நாய்க்கு விமானம் கேட்கிறதா? ஆனாலும் அலுவலக முகத்தை வைத்துக்கொண்டு, "பாக்கிறன் மச்சாள்" என்றேன். அன்று பின்னேரம் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்லி, இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். "பாத்துக்கொண்டிருக்கிறன் மச்சாள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சட்டம்" என்று பெரிய மனிதன் மாதிரி இழுத்தடித்தேன். உண்மையில் ஒரு கம்பெனியின் இணையத்தளத்தையும் திறந்து பார்த்திருக்கவில்லை.

ஏழாவது மாதம் விசா வந்தது. பயணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. மச்சாள் ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தார். சட்டைக்கு அளவெடுப்பதுபோல நாடா பிடித்து நாயின் நீளம், உயரம், காதோடு சேர்த்த உயரம் எல்லாம் எழுதியிருந்தார். நாயைத் தூக்கிக்கொண்டு நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி, பிறகு தான் மட்டும் ஏறி, கழித்துப் பதினான்கு கிலோ என்று குறித்திருந்தார்.

"கூடு அடிக்கச் சொல்லவேணும். எந்தப் பிளேன் எண்டு சொன்னாயெண்டால் அந்த அளவுக்குச் சொல்லிருவன்."

அப்போதுதான் உட்கார்ந்தேன். ஒரு கொப்பியில் கோடு போட்டு நான்கு நிறுவனங்களை எழுதினேன். ஒன்று, கூட்டோடு சேர்த்து எட்டுக் கிலோவுக்குள் இருந்தால் மட்டும் காலடியில் வைத்துக்கொள்ள விடும். இன்னொன்று வளைகுடா நாட்டுக் கம்பெனி, பயணிகளோடு வேட்டை வல்லூறை ஏற்றும், நாயை ஏற்றாது. மூன்றாவது சரக்காக ஏற்றும், ஆனால் வெயில் கூடிய மாதங்களில் முடியாது. அது வெயில் கூடிய மாதம். நான்காவது, கீழே பொதிகள் வைக்கும் பகுதியில் ஏற்றும். தலை முட்டாமல் எழுந்து நிற்கவும் சுற்றித் திரும்பவும் கூட்டில் இடம் இருந்தால் போதும். மச்சாளின் அளவுகளை வைத்துக் கூடு அடித்தால் அப்படியே சரிவரும்.

விமானம் தடையில்லை. தடை, போகிற நாட்டின் சட்டத்தில் இருந்தது. தோலுக்கடியில் சிப் வைத்து, விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் கழித்து இரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். எல்லாமாக நான்கு மாதம். விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். மச்சாள் முதலில் கேட்ட அன்றே தொடங்கியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், நான் பார்க்கவேயில்லை என்பது தெரிந்துவிடும். கொப்பியைக் கொண்டுபோய் எட்டுக் கிலோவையும் வல்லூறையும் வெயிலையும் வாசித்தேன். நான்காவது வரியின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"ஒருத்தனும் ஏத்துறானில்ல மச்சாள்."

அவர் அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு பாடுபட்டுப் பாத்திருக்கிறாய்" என்றார். "இரு, சாப்பிட்டுப் போகலாம்."

இறால் கறியும் சோறும் போட்டார். நாய் வந்து என் காலடியில் படுத்தது. நான் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வேறு எதை மறந்தாலும் அதை மறக்க முடியவில்லை.

மச்சாள் பயணம் போன பிறகு நாய் என் வீட்டுக்கு வந்தது. சோறு வைத்தால் தின்னும், ஆனால் விடிந்ததும் துறைக்குப் போய்விடும். மச்சாள் அங்கிருந்துதான் அக்கரைக்குப் போனார். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப்படகு கரைக்கு வரும்போது எழுந்து நிற்கும். இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளும். வேலைக்குப் போக நானும் அதே படகில்தான் ஏறவேண்டும். "பாவம், கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே" என்று யாராவது சொல்லாத நாளில்லை. "என்ன செய்ற, சட்டம் அப்பிடி" என்பேன் நான், அந்த நாயை வைத்துக்கொண்டே.

போன மாதம் ஒரு இரவு, நாய் என் கதிரையடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது மச்சாள் வீடியோவில் வந்தார்.

"ஜேர்மன் வகுப்பில ஒரு தாய்லாந்துப் பொம்புள இருக்கிறா. ஊரில இருந்து நாயைப் பிளேனில கொண்டந்தவவாம். ரத்தம் சோதிச்சு, மாசக்கணக்கில பாத்திருந்து கொண்டந்தவவாம்." திரைக்குக் கிட்ட வந்தார். "அண்டைக்கு நீ நாலு எழுதியிருந்தாய் மச்சான். மூண்டைத்தான் வாசிச்சாய். கை வச்சிருந்த இடத்தில என்ன எழுதியிருந்தது?"

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சொன்னேன். "ஏத்துவாங்க எண்டுதான் எழுதியிருந்தது. நான் நேரத்தோட பாக்கயில்ல மச்சாள். விசா வந்த பிறகுதான் பாத்தன். நாலு மாசம் வேணும் எண்டு கிடந்தது. பிறகு உங்களிட்ட பொய் சொன்னன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினொரு வருசம் இருந்தவள்," என்றார், "இன்னும் நாலு மாசம் இருந்திருக்கமாட்டனா?"

அந்தக் குரலைக் கேட்டு நாய் எழுந்து, வாசலுக்கு ஓடி, வெளியே பார்த்தது. அதை அவரும் திரையில் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பயும் கொண்டுவர ஏலுமா?"

"ஏலும். நாளைக்கே மிருக வைத்தியரிட்டக் கேட்டு... பாக்கிறன் மச்சாள்."

"பாக்கிறன் எண்டு மட்டும் சொல்லாத மச்சான்," என்றார்.