கையெழுத்துப் போட்ட பிறகு

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் பொதிந்து, நீராவியில் கிருமி நீக்கி மேலே அனுப்பும் அறையில் அவளுக்கு இருபத்தோரு வருட சர்வீஸ். அவளை எல்லோரும் 'இன்னொரு தடவை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எதை நீட்டினாலும், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்" என்பாள். கழுவிய கத்தரியை விளக்கடியில் பிடித்து மூட்டு இடுக்கில் துளி கறை இருக்கிறதா என்று பார்ப்பாள். பிளம்பரான அவள் கணவர், "என்னை மாப்பிள்ளையாப் பாத்தப்ப மட்டும் இன்னொரு தடவை பாக்கல. அதனால நான் தப்பிச்சேன்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஜெபம் அவளுக்குப் பழகிப்போன ஒன்று. பழகிப்போனதுதான் வினையாயிற்று என்று பிற்பாடு அவளே சொன்னாள். விடியற்காலையில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் கண்ணை மூடுவாள். கணவர், மகன், வேலை, அன்றைக்குக் கத்திக்குப் போகிற பேர் தெரியாத நோயாளிகள் என்று ஒவ்வொருவராக ஆண்டவரிடம் சொல்லி முடிப்பாள்.

அந்த வியாழக்கிழமை காலையிலும் உட்கார்ந்தாள். ஆனால் உதடு ஜெபித்ததே தவிர, மனசு நாலு நாளாக ஒரே ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆள் மூன்றாவது மாடி ஆபரேஷன் தியேட்டரின் பொறுப்பு நர்ஸ். ஆஸ்பத்திரியில் வேலையால் சிஸ்டர், சபையில் விசுவாசத்தால் சிஸ்டர். இரண்டு இடத்திலும் ஒரே பேர்தான். ஒரு வயிற்றில் பிறந்த பாசம்தான் ஒரு இடத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றபோது அந்தச் சிஸ்டர், "உங்க பையன் படிப்பை விட்டுட்டு பைக்ல பார்சல் கொடுக்கிறானாமே? ஜெபிக்கிற வீட்டுல இப்படியா?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டுவிட்டார். அங்கே சொல்ல முடியாத பதிலை அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸிலும் தலையணையிலும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முதல் வண்டி கருவிகள் காலை ஏழு மணிக்கு நீராவி மெஷினுக்குள் போயின. மொத்தம் ஆறு தட்டுகள். ஒவ்வொரு தட்டையும் பொதிந்து ஒட்டும் நாடாவில் சூடு பட்டால் கறுப்புக் கோடு விழும். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. சும்மா சூடு பட்டாலே அது கறுத்துவிடும். சூடு குறித்த நேரம் வரை நின்றதா என்று காட்ட, சோதனைப் பொட்டலத்துக்குள் விரல் நீளத்தில் ஒரு பட்டை இருக்கும். பழுப்பு முழுவதும் கறுப்பாக மாறினால்தான் தட்டுகளை வெளியே விடலாம். அந்தப் பட்டையைப் பதிவேட்டில் ஒட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு.

கதவு திறந்தது. பொட்டலத்தைப் பிரித்தாள், பட்டையை எடுத்தாள், பசை தடவி ஒட்டினாள், கையெழுத்தும் போட்டாள். அந்த நேரத்தில் மனசுக்குள், 'உங்க பொண்ணு மட்டும் என்ன கிழிச்சுட்டா?' என்று சிஸ்டரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லாக் கேட்டோம் என்று ஒரு திருப்திகூட வந்தது. தட்டுகள் லிஃப்டில் மேலே போயின.

பத்தரை மணிக்கு இரண்டாவது வண்டி முடிந்தது. அதன் பட்டையை ஒட்டுவதற்காகப் பதிவேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்த பட்டை முழுக் கறுப்பு. காலையில் ஒட்டியது பாதிதான் கறுத்திருந்தது. மீதி பழுப்பாகவே நின்றது. பக்கத்தில் அவளுடைய கையெழுத்து, முத்து முத்தாக.

மெஷின் அச்சடித்துத் தந்த சீட்டை டிராயரிலிருந்து உருவிப் பார்த்தாள். சூடு ஏறி, நிற்க வேண்டிய நேரத்தில் கால்வாசிகூட நிற்காமல் சரிந்திருந்தது. அந்த ஒரு தடவை கதவு சரியாகப் படியாமல் ரப்பர் எங்கோ விட்டிருக்க வேண்டும்.

அவளோடு வேலை பார்க்கும் பொட்டலம் கட்டுகிற பெண் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, யாரும் பாக்கல. பொட்டியில கறுப்பா மாறின பழைய பட்டை எத்தனையோ கிடக்கு. ஒண்ணை எடுத்து இது மேல ஒட்டிடுங்க. மேல இருக்கிற தட்டையெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லித் திரும்ப வாங்கிக்கலாம்."

"உபயோகிச்சிருந்தா?"

"கழுவின சாமான்தானே அக்கா? சூடும் கொஞ்சம் பட்டிருக்கு. ஒண்ணும் ஆகாது. இருபத்தோரு வருஷ சர்வீஸை ஒரு பட்டைக்காக விட்டுடாதீங்க."

அந்த யோசனையை அவள் உடனே உதறித் தள்ளவில்லை. பதிவேட்டின் மேல் விரலை வைத்து, பசை காய்ந்திருக்கிறதா என்று தடவிக்கூடப் பார்த்தாள். அதை அவள் ஒருநாளும் யாரிடமும் மறைத்ததில்லை. "ஆண்டவரே" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நாலு நாளில் அவள் மனசாரச் சொன்ன முதல் ஜெபம் அதுதான்.

தியேட்டருக்குப் போன் அடித்தாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அடித்தாள், அதே கதைதான். பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள். முழங்கால் வலிக்காரி மூன்று மாடி ஓடியதைப் பார்த்து வார்டு ஆட்கள் சுவரோடு ஒதுங்கினார்கள்.

தியேட்டர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் நின்றிருந்தார். உலகத்தில் எந்த மனுஷியிடம் தலைகுனியக் கூடாது என்று நாலு நாளாக நினைத்தாளோ, அதே மனுஷி.

"சிஸ்டர், காலையில வந்த ஆறு தட்டும் சரியாகல. பட்டை மாறல. நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க."

சிஸ்டர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. திரும்பி உள்ளே ஓடினார். "டாக்டர், நிறுத்துங்க! கத்தியை வைக்காதீங்க!" என்ற குரல் வெளியே கேட்டது.

உள்ளே மேஜையில் ஒரு பெண் மயக்கத்தில் கிடந்தாள். தட்டு பிரித்து வைக்கப்பட்டு, டாக்டர் கையை நீட்டியிருந்த நேரம். நேற்றைய வண்டியில் வந்த தட்டை அலமாரியிலிருந்து எடுத்து, எல்லோரும் கையுறை மாற்றி, மறுபடி ஆரம்பிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரமும் அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

சிஸ்டர் வெளியே வந்தார். "நாலு தட்டு அலமாரியிலேயே இருக்கு. ஒண்ணு இது. இன்னொண்ணு..." நிறுத்தினார். "எட்டு மணி கேஸுக்குப் போயிடுச்சு. குடலிறக்கம். ஆள் வார்டுக்குப் போயாச்சு."

அவள் பதிவேட்டைத் திறந்து அந்தப் பட்டையைக் காட்டினாள்.

"எப்படிப் பாக்காம விட்டீங்க? நீங்களா?" அதட்டலை விட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

"உங்க மேல கோபம் சிஸ்டர். ஞாயித்துக்கிழமையிலேருந்து மனசுக்குள்ள உங்களோடதான் சண்டை போட்டுட்டிருந்தேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு, நான்தான் அங்க இல்ல. தப்பு என்னோடதுதான். கேட்டீங்க, சொன்னேன்."

சிஸ்டர் பதிவேட்டை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் சொல்லப் போனார்.

எட்டு மணி நோயாளி ஒரு ரொட்டிக் கடைக்காரர். ஐம்பது வயது, கனத்த தோள்கள். டாக்டர் அவருக்கும் மனைவிக்கும் நடந்ததை விளக்கி, மருந்தை மாற்றி எழுதினார். நிர்வாகி, 'நீ அங்கே போகாதே' என்றார். அவள்தான், "நான் நேர்ல சொல்லணும் சார்" என்று பிடிவாதமாக நின்றாள். டாக்டரும், சரி, என்னோடு வரட்டும் என்றுவிட்டார்.

கட்டில் ஓரத்தில் நின்று சொல்லி முடித்தாள். ரொட்டிக்காரர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப எனக்கு என்ன ஆகும்?"

"தெரியலைங்க" என்றாள். "உங்களுக்காக ஜெபிக்கிறேங்க."

அவர் மனைவி விருட்டென்று எழுந்தாள். "அதை அந்த மெஷின் முன்னாடி நின்னு பண்ணியிருக்கலாமே! இங்க வந்து என்னத்துக்கு?"

நிர்வாகி எழுதிய மெமோவைவிட அந்த வார்த்தைதான் ஆழமாகத் தைத்தது. ஏனென்றால் அது உண்மை.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். கணவர் வழக்கம்போல் கேலி பேசவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன், ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி, "என் பேச்சு வந்ததாலதானேம்மா?" என்றான்.

"இல்லடா. உனக்காகக் கோபப்படறேன்னு நினைச்சேன். நாலு பேர் முன்னாடி என் மூக்கு அறுபட்டுச்சே, அந்தக் கோபம்தான் அது. உன்னைச் சாக்கா வெச்சுக்கிட்டேன்."

அவன் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, அம்மா காலடியில் வந்து உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்து வருஷக்கணக்காகியிருந்தது.

விசாரணை முடியும்வரை அவளைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. சனிக்கிழமை மதியம், யாரும் எதிர்பாராமல், சிஸ்டர் மூன்று மாடி இறங்கி அங்கே வந்தார்.

"ரொட்டிக்காரருக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சிருக்கு. நூத்தொண்ணு. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கு."

அவள் கையிலிருந்த விரிப்பு நழுவியது. சிஸ்டர் குனிந்து அதன் ஒரு முனையைப் பிடித்தார். இருவருமாக மடித்தார்கள்.

அதன் பிறகு காலையும் மாலையும் சிஸ்டர் இறங்கி வந்தார். நூற்று ஒன்றரை. நூறு. மறுபடி நூற்று ஒன்று. லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையும் வார்டுக்குப் போய் விசாரித்துவிட்டு, சபை வாசலில் அவள் காதருகே காய்ச்சல் அளவை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். மகனைப் பற்றிப் பேசியதற்கு அவர் மன்னிப்பு என்ற வார்த்தையை அன்றும் சொல்லவில்லை, என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் அவளால் நீளமாக ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் ரொட்டிக்காரர் மனைவியின் குரல்தான் கேட்டது. அதனால் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தாள். ஒரு விரிப்பை எடுக்கும்போது, 'ஆண்டவரே, இதுல கிழிசல் இருக்கா, பாக்க வையும்' என்பாள். பார்ப்பாள். மடிப்பாள். அடுத்த விரிப்பை எடுப்பாள். நடுவில் கோபமோ பயமோ தலைகாட்டினால் கையை நிறுத்திவிட்டு, அது போனபிறகுதான் தொடருவாள். சலவைக்காரர்கள், இந்த அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இறங்கியது. ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. காய்ச்சல் அந்தத் தட்டினால் வந்ததா, சும்மா வந்ததா, மாற்றி எழுதிய மருந்துதான் காப்பாற்றியதா, யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

வீட்டுக்குப் போகிற அன்று ரொட்டிக்காரரின் மனைவி வழி விசாரித்துக்கொண்டு சலவைப் பிரிவு வாசலில் வந்து நின்றாள்.

"அவர் எழுந்து நடக்கிறார். நீங்க அன்னிக்கே சொல்லலைன்னா மருந்தை மாத்தியிருக்க மாட்டோம்னு டாக்டர் சொன்னார்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுக்காக நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலைங்க."

"ஜெபிச்சீங்களா?"

"ஜெபிச்சேங்க."

அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். சரி என்பதற்கா, போதும் என்பதற்கா என்று தெரியவில்லை. வெளியே வண்டி காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மூன்று மாதம் கழித்து, கண்டனக் கடிதம் ஒன்றைக் கோப்பில் வைத்துவிட்டு, அவளைப் பழைய அறைக்கே திருப்பி அனுப்பினார்கள். கதவு ரப்பர் புதுசாகியிருந்தது. பதிவேட்டில் இனி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று புது விதி. 'உன்னாலதான் எங்களுக்கு ரெட்டை வேலை' என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வண்டியின் கதவைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து, பட்டையை விளக்கடியில் பிடித்தாள். பொட்டலம் கட்டுகிற பெண்ணை அழைத்து, "இங்க வா, நீயும் பாரு" என்றாள்.