வயர்லெஸ்ஸில் வாங்கிய சம்மதம்

கோயில் முன்னால் வேன் நின்றுகொண்டிருந்தது. உள்ளே எங்கள் பள்ளிக்கூட ஃபுட்பால் டீமின் பத்துப் பிள்ளைகள் ஜெர்சியோடு உட்கார்ந்துவிட்டார்கள். கோல் காக்கிற கோலி மட்டும் ஏறவில்லை. அந்தக் கோலி நான். அப்போது பதினொன்றாம் வகுப்பு. பதினொரு மணிக்கு வேன் புன்னைக்காயலை விட்டுக் கிளம்பாவிட்டால் திருநெல்வேலியில் அரையிறுதிக்குப் போய்ச் சேர முடியாது. எங்கள் டீமில் வேறு கோலியும் கிடையாது.

எல்லாம் சம்மதக் கடிதத்தில் போடுகிற ஒரு கையெழுத்தால் வந்த வினை. அம்மா போட்டுத் தந்திருந்தாள். பெற்றவள்தானே, போதாதா? போதாதாம்! போன வருடம் அம்மாவின் கையெழுத்தை நம்பி ஒரு பிள்ளையைக் கூட்டிப்போக, அவள் தகப்பன் பள்ளிக்கூட வாசலில் வந்து அவயம் போட்டுக் கத்தினார். அதிலிருந்து பெரிய டீச்சர் உஷார். அப்பா கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அவர் வாயால் ஒரு வார்த்தை பி.டி. டீச்சர் காதில் விழ வேண்டும். என் அப்பாவோ நாலு நாள் தங்கி மீன் பிடிக்கிற வள்ளத்தில் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே போன் எடுக்காது. ஒரே வழி, பெரியப்பாவின் வலை ஷெட்டில் இருந்த வயர்லெஸ் செட்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். வள்ளம் அவருடையது, அப்பா அதில் வேலைக்குப் போகிறவர். திருநாளுக்கு ஊர்ப் பையன்கள் ஆடும் ஃபுட்பாலுக்கு வருடா வருடம் கப் கொடுக்கிறவரும் பெரியப்பாதான். சொந்தத் தம்பி மகள் பந்தைத் தொட்டால் மட்டும் அவருக்கு மானம் போய்விடும்.

நானும் பி.டி. டீச்சரும் ஓடினோம். அம்மா பின்னாலேயே வந்தாள். ஷெட்டில் யாரும் இல்லை. மைக்கை எடுத்தேன். அதன் பக்கவாட்டில் ஒரு பட்டன். அமுக்கிப் பிடித்தால் நாம் பேசுவது கடலில் நிற்கிற அத்தனை வள்ளத்துக்கும் கேட்கும். விட்டால்தான் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும்.

"அப்பா, நாந்தாம்ப்பா. வேன் நிக்கி. அம்மா கையெழுத்து செல்லாதாம். நீங்க ஒரு வார்த்த டீச்சர்கிட்ட சொல்லணும்..."

"எவளா அது, செட்டுல கைய வைக்கது?"

பெரியப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"டவுசரு போட்டுக்கிட்டு ஊரூரா ஓடப் போறியளோ? நாளைக்கு ஒன்ன எவன் கெட்டுவான்?"

"கோலி முழு பேண்டுல்லா போடுவா! அதுகூடத் தெரியாமலா வருசா வருசம் கப்பு குடுக்கியோ?"

"ஏளா!" என்று அம்மா பதறினாள். என் வாய் அப்படி. இன்றைக்கும் அடங்கவில்லை.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "ஒங்கப்பங்கிட்ட என்னத்தக் கேக்க? எங்கிட்ட கேட்டுத்தாம்ளா அவன் மூச்சே விடுதான். பொண்டாட்டிய அடக்கத் தெரியாது, மகள அடக்கத் தெரியாது. அவனும் ஒரு ஆம்பளையா? என் வள்ளம் இல்லன்னா கரையில நண்டு பெறக்கிட்டுக் கெடப்பான். நாயி மாதி, நாம் போட்டாத் திங்கான்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, பட்டன்."

குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரல் பட்டனை அமுக்கியபடியே இருந்தது. பெரியப்பா பேசியது மொத்தமும் கடலுக்குப் போயிருந்தது. மாதாவே, என்ன காரியம் செய்துவிட்டேன்! வேண்டுமென்றேதான் அமுக்கினேன் என்று பெரியப்பா வீட்டார் இன்றுவரை சொல்கிறார்கள். சத்தியமாக இல்லை. கோபத்தில் கை இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

விரலை எடுத்தேன். காலை நேரத்தில் அந்தச் செட்டில் சந்தைக்கடை இரைச்சலாக இருக்கும், எங்கே மீன், எங்கே நீரோட்டம் என்று ஆளுக்கொரு பேச்சு. அன்றைக்கு ஒரு வள்ளம்கூட வாய் திறக்கவில்லை. வேன்காரர் ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

"அண்ணே." அப்பாவின் குரல். "எல்லாம் கேட்டுச்சு."

பெரியப்பா மைக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். அவர் எதிரே உட்காரக்கூட மாட்டாத அம்மா. "அவுக பேசட்டும் அத்தான்" என்றாள். இம்மியும் நகரவில்லை.

"டீச்சரு நிக்காவளா?"

"நிக்காங்கப்பா."

"டீச்சர், எம் மகளக் கூட்டிட்டுப் போங்க. அவ அம்மா போட்டதுதான் எங் கையெழுத்தும். அண்ணே, மத்தத நாங் கரைக்கு வந்து பேசிக்கிடுதேன்."

நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். வேன் ஏறும்வரை அழுகையை அடக்கிக்கொண்டேன், அதற்கு மேல் முடியவில்லை.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

அப்பா இரண்டு நாள் கழித்துக் கரைக்கு வந்தார். அண்ணனும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு சாக்குப்பை கிடந்தது. அதற்குள் வள்ளத்தில் இருந்த அப்பாவின் சட்டை, மழைக்கோட்டு, சோற்றுத்தட்டு. பதினெட்டு வருடம் போன வள்ளத்தில் இனி அவருக்கு இடமில்லை. நான் அந்தப் பையின் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

"என்னாலதானப்பா..."

அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. தட்டை எடுத்துத் துடைத்தபடி கேட்டார்:

"எத்தன கோலு விட்ட?"

"ரெண்டு."

"தடுத்தது எத்தன?"

"நெறய. எண்ணலப்பா."

"அடுத்த தடவ எண்ணிட்டு வா."