குதித்துக்கொண்டே பேசிய தம்பி

டேப்லெட் செய்வதையெல்லாம் கையடக்க விளையாட்டுக் கருவியும் செய்துவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். துபாயிலிருக்கும் தம்பியோடு வீடியோவில் பேசிவந்த டேப்லெட் பழுதானதும், அவன் அந்த விளையாட்டுக் கருவியைத்தான் அனுப்பினான். அதில் வீடியோ அழைப்பு வராது. வீட்டில் இருந்ததோ பட்டன் போன். உம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மகன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஆகவே அவன் சாயலில் விளையாட்டில் ஒரு பொம்மையை உருவாக்கி, போனில் அவன் பேசும்போது திரையில் காட்டினேன். பொம்மைதான் என்று சொல்லியும் உம்மா கேட்கவில்லை; மகனை வாப்பா என்று கொஞ்சித் திரையைப் பார்த்தே பேசினார்.

“ஏன் வாப்பா குதிச்சிக்கிட்டே பேசுறே? உக்காந்து பேசு.”

“உக்காந்துதான் இருக்கேன் உம்மா!”

“கண்ணு முன்னாடியே குதிச்சிட்டுப் பொய் வேறயா?”

நான் பொம்மையைக் குதிக்கவைக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். பொம்மை நின்றது.

“இப்பதான் சொன்ன பேச்சைக் கேக்குறான்,” என்று உம்மா திரையின் கன்னத்தைத் தடவினார்.

தம்பி இன்னும் துபாயில்தான் இருக்கிறான். வீட்டில் உம்மாவும் நானும் இருக்கிறோம்.