இரண்டே இருக்கை

கார் என்றால் தாழ்வாக, இரண்டு கதவுகளோடு இருக்க வேண்டும் எனக்கு. ஊரெல்லாம் உயரமான குடும்பக் கார்களுக்கு மாறியபோது, காரைக்குடியில் நானும் என் கார்ப் பைத்திய நண்பர்களும் அவற்றை 'நகரும் பீரோ' என்று கேலி செய்வோம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினேன்.

போன வருடம் அப்பா அம்மாவைப் பார்க்க அதில் ஒக்கூருக்குப் போயிருந்தபோது, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். தரையை ஒட்டியிருந்த இருக்கையில் அவரைப் படுக்கவைக்க வழியில்லை. முழங்காலை மடக்கித்தான் உள்ளே தள்ளினேன். வலியில் முனகினார்.

அம்மா ஓடிவந்தார். "நான் எங்குட்டுய்யா உக்கார்றது?"

"இடமில்லம்மா. பின்னாடியே பஸ்ல வந்துருங்க."

சிவகங்கை போகும் வழியில் அப்பா மெல்லத் திரும்பிப் பார்த்தார். "அவ வரலையா?" என்றார். அதன்பிறகு அவர் பேசவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"கடைசியா எதுவும் சொன்னாகளா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

காரை விற்றுவிட்டேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது. அம்மாவிடம் உண்மையைச் சொல்ல மட்டும் இன்னும் துணிவு வரவில்லை.