கிணற்று மேட்டில் நடாத மூங்கில்

மூங்கில் நடும் தொழிலில் மூங்கில் நடுவதுதான் கடைசி வேலை. களப்பணியில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? நான் ஏற்காட்டில், செடி நட்டு கார்பன் கிரெடிட் விற்கும் ஒரு கம்பெனியின் சூப்பர்வைசர். மொட்டைச் சரிவுகளில் மூங்கில் வளர்த்தால் மண்ணும் நிற்கும், உலகமும் குளிரும் என்பது எங்கள் வாக்கு.

நிலம் கொடுத்தவர்

வாழவந்தி கிராமத்தில் மல்லிகா அக்கா தன் சரிவு நிலத்தைத் தந்தார். உலகம் சூடாவதைப் பற்றி நான் படம் காட்டிப் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சரிவுக்குக் கீழே இருந்த தன் கிணற்றைக் காட்டினார். மழை பெய்தால் மேலிருந்து செம்மண் இறங்கி அதில்தான் விழும். வீட்டுக்கும் மிளகுக்கும் அவருக்கு வேறு தண்ணீர் கிடையாது.

"உலகத்த அப்பறம் பாத்துக்கலாங்க தம்பி. மொதல்ல என்ற கெணத்துக்கு மேல நடுங்க."

ஒரே குழி

நடவு விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். கிணற்று மேட்டுக்கு ஏறினால் ஷூ அழுக்காகும் என்று ரோட்டோரமே ஒரு குழி வெட்டினோம். ஒருவர் நட்டு போட்டோ எடுத்ததும் நான் கன்றைப் பிடுங்கி அடுத்தவர் கையில் கொடுப்பேன். மிச்சக் கன்றுகளையும், அடுத்து வருகிறவர்கள் காரில் இருந்தே பார்க்க வசதியாக, ரோட்டோரமே நடச் சொல்லிவிட்டார்கள். வழியில் நின்ற பஸ்ஸிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த கண்டக்டர் கேட்டார்:

"ஏனுங்க, அந்தச் செடி எறங்க வேண்டிய ஸ்டாப்பு இன்னும் வர்லீங்களா?"

விருந்தாளி

குருத்து விட்டதும் காட்டெருமைகள் வந்து சுத்தமாக மேய்ந்துவிட்டுப் போயின. வேலி வேண்டும் என்று மேனேஜருக்கு போன் செய்தேன்.

"எருமை வர்றது நல்ல விஷயம்தானே? வன உயிரினங்கள் திரும்பிடுச்சுன்னு ரிப்போர்ட்ல சேருங்க."

மேலிருந்து பார்த்தால்

சாட்டிலைட் படத்தில் சரிவு பச்சையாகிவிட்டது என்று பாராட்டு வந்தது. ஆபீசில் அந்தப் படத்தில் நிலத்தின் எல்லைக்கோட்டைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். பச்சையாகத் தெரிந்தது பக்கத்து எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். பச்சையான இடத்துக்கு இனி கன்று கிடையாது என்று கிணற்று மேட்டையும் கைகழுவிவிட்டார்கள். அந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் புலம்பினேன்.

"அதுக்குள்ள இவ்ளோ ஒசரம் வளந்துருச்சுங்களா? நொம்ப ராசியான மூங்கிலுங்க."

விருது

ஐப்பசி மழையில் கிணறு பாதிக்கு மேல் சேறாகிவிட்டது. அதே வாரம் மண் அரிப்பைத் தடுத்ததற்காகக் கம்பெனிக்கு ஒரு விருதுக் கோப்பை கிடைத்தது. அதை ஆபீசில் வைக்க எடுத்துப் போகும் வழியில்தான் கிணற்றைப் பார்க்கப் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மல்லிகா அக்கா திட்டியிருந்தாலாவது தேவலை. ஜீப்பிலிருந்த கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதக் குடுத்துட்டுப் போங்க தம்பி. சேறு அள்ளறதுக்காச்சும் ஆவும்."

கொடுத்துவிட்டேன். வாழவந்தி மண்ணுக்கு எங்கள் கம்பெனி செய்த நேரடி உதவி இதுவரை அது ஒன்றுதான்.