மேட்டைப் பார்சல் கட்டிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் வடக்கே கிராஞ்சியில் அண்ணியின் நாற்றுப் பண்ணைக்குப் போயிருந்தேன். பின்பக்க மேட்டில், வெட்டிவேர்ப் புல்லுக்கு நடுவே, ஆரஞ்சு நிறத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. ஏறிப் போய்க் குனிந்து பார்த்தால் என் பழைய சரக்குப் பட்டை. நான் வேலை பார்க்கும் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் பெட்டிகளை இறுக்கிக் கட்டப் பயன்படும் பட்டை அது. தேய்ந்துபோனதென்று கழித்துக் கட்டியதை அனுமதி கேட்டு வாங்கி வந்திருந்தேன். (நானும் ஏறக்குறைய அதே நிலையில் இருந்ததால் பட்டைமீது ஒரு பாசம்.) நுனியைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. வேர்கள் அதைச் சுற்றிப் பின்னியிருந்தன. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்வலித் தைலம் தேய்த்துக்கொண்டே அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலேயே பழைய கதை முழுவதும் ஓடியது.

என் அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன் அண்ணி தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். குளிரூட்டிய அறை, மதியம் நண்டு போட்ட மீ நூடுல்ஸ், மாலையில் எம்ஆர்டி ரயில். அதையெல்லாம் விட்டுவிட்டு அண்ணனோடு சேர்ந்து கிராஞ்சியில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது, குடும்பத்தில் எல்லோரும் அண்ணன்தான் அவரைக் கெடுத்துவிட்டதாகப் பேசினார்கள். உண்மை நேர்மாறு. அண்ணனுக்கு லாரி ஓட்ட மட்டும்தான் தெரியும். கறிவேப்பிலை, துளசி, வெற்றிலை என்று லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு என்ன வேண்டுமென்று கணக்குப் போட்டவர் அண்ணிதான். பண்ணைக்குப் பின்னால் களிமண் மேடு ஒன்று இருந்தது. அதன் அடிவாரத்திலேயே நாற்றுக் கொட்டகை. சும்மா கிடந்த அந்த மேட்டில் வெட்டிவேர் நடலாம் என்பதும் அவர் யோசனைதான். சாமிக்கு மாலை கட்ட, குடிதண்ணீர்ப் பானையில் போட என்று சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் வெட்டிவேருக்கு எப்போதும் கிராக்கி. குறுக்குவாட்டில் வரிசை வரிசையாக நட்டார். புல் என் தலைக்குமேல் வளர்ந்தது. என் உயரத்தை அறிந்தவர்கள் இதைப் பெரிய சாதனையாகக் கருதமாட்டார்கள்.

அந்தப் பூக்கடைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கோயிலில் திருவிழா வந்தது. வெட்டிவேர்ப் பந்தல் போட வேண்டுமென்று பூக்கடைக்காரர் ஒருவர் எங்களிடம் கேட்டார். எங்கள் கறிவேப்பிலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். "மேடு முழுக்க உங்களுக்குத்தான்" என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். அப்போது ஆண்டுக் கடைசிப் பருவமழை பிடித்துக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீரைக் குடித்த களிமண், கல்யாண விருந்துக்குப் பிறகு நான் இடுப்புப் பட்டியைத் தளர்த்தியதும் வயிறு முன்னால் வருவதுபோல, மெதுவாக முன்னால் வரும். மேட்டின் உச்சியில் மெல்லிய வெடிப்பு ஒன்று விழுந்திருந்தது. அண்ணி அதைக் காட்டினார். அண்ணன், "எப்பவும் இருக்கறதுதான்" என்றார். நானும் தலையாட்டினேன். சாப்பாடு போடுபவர்கள் இரண்டு பேர் முரண்பட்டால் இரண்டு பேருக்கும் தலையாட்டுவது என் வழக்கம்.

வெட்டிவேரை அறுவடை செய்வதென்றால் புல்லை வேரோடு தோண்டி எடுப்பது. ஒரு காலையில் இடது ஓரத்திலிருந்து தோண்ட ஆரம்பித்தோம். மண்ணை உதறியதும் எழுந்த வாசனையில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. மதியம் மழை கொட்டியது. நாங்கள் தகரக் கூரைக்கடியில் மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ கனமான மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், காலையில் புல் தோண்டிய இடம் அப்படியே இறங்கி, கொட்டகையின் ஒரு மூலையில் இருந்த கறிவேப்பிலைக் கன்றுகளின்மேல் படுத்திருந்தது. பக்கத்தில் புல் நின்ற இடம் அசையாமல் நின்றது. கத்தியால் வெட்டியதுபோல இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஆனால் நான் சொன்னேன். "கவலைப்படாதீங்க அண்ணி. கட்டுறது என் தொழிலு."

சாங்கியில் விமானத்தில் ஏற்றும் சரக்கை முதலில் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவோம், பிறகு வலை, அதன்மேல் பட்டை. அதே முறையில் மேட்டை மூடினேன். விரிப்பைப் போட்டு, வலையை இழுத்து, உச்சியில் இருந்த இரண்டு மரங்களில் பட்டையைக் கட்டி முறுக்கினேன். வேலை முடிந்ததும் இடுப்பில் கைவைத்து நின்று ஒரு படம் எடுத்து வேலையிடத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். எந்த விமானத்தில் ஏற்றப்போகிறாய் என்று ஒருவன் கேட்டிருந்தான்.

மறுபடி மழை வந்தது. விரிப்புக்கடியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மேட்டில் விழுந்த தண்ணீர் மொத்தமும் வழவழப்பான பிளாஸ்டிக்கில் சறுக்கி, ஒரே அருவியாகக் கொட்டகைக்குள் விழுந்தது. விமான நிலையத்தில் பெட்டிமேல் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அதற்கு யாரோ கால்வாய் கட்டி வைத்திருக்கிறார்கள். கிராஞ்சியில் அந்த யாரோ நாங்கள்தான். முழங்கால் தண்ணீரில் வாளியோடு நின்ற அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, பார்சல் நல்லாத்தான் கட்டிருக்கீங்க. டெலிவரி அட்ரஸ்தான் நம்ம வீடாப் போச்சு."

மழை விட்டதும் அண்ணன் மண்வெட்டியை எடுத்தார். "மிச்சத்தையும் தோண்டிடுவோம். வாக்குக் கொடுத்தாச்சு. பூக்கடைக்காரரு கை விட்டுட்டாருன்னா கறிவேப்பிலைய யாருகிட்ட கொண்டுபோய்க் கொடுக்கறது?"

"மிச்ச மேடும் வந்து கொட்டகையில படுத்துச்சுன்னா, கொடுக்கறதுக்குக் கறிவேப்பிலையே இருக்காது லா" என்றார் அண்ணி. "நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

அதுவரை தோண்டிய வேரைக் கழுவிக் கட்டிக்கொண்டு லாரியில் கிளம்பினோம். அண்ணன் ஓட்ட, நடுவில் அண்ணி, ஓரத்தில் நான். கடையில் பூக்கடைக்காரர் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். கட்டுகளைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

"என்னம்மா, பாதிகூட இல்லையே?"

"மிச்சம் மண்ணுக்குள்ள வேலைக்குப் போயிருக்குங்க. லீவு கிடைக்கல."

அவர் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. பந்தலுக்கு நான் என்ன பதில் சொல்றது? இனிமே உங்க கறிவேப்பிலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நான் சூழ்நிலையை இளக்கலாமென்று, "வேணும்னா மேட்டையே பார்சல் கட்டிக் கொண்டாரேன்" என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் பக்கத்துக் கடை வாசலுக்கு நகர்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தபோது அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. பூக்கடைக்காரரின் வாடிக்கை போனால் பண்ணை தள்ளாடும் என்பது அவர் போட்ட கணக்கிலேயே இருந்தது. ஆனாலும் அவர் குரல் தாழவில்லை. "இருக்கறத சாமிக்கு வச்சுக்குங்க. மிச்சத்தத் தோண்டமாட்டேன்."

திரும்பும் வழியில், கிராஞ்சி நெருங்கும்போது அண்ணி தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "விக்கிற வேர் வேற, பிடிக்கிற வேர் வேற. ரெண்டையும் ஒரே இடத்துல வச்சிட்டோம்."

அதற்குப் பிறகு அவர் பண்ணையை அந்த வாக்கியத்தின்படி மாற்றி அமைத்தார். மேட்டுப் புல்லை யாரும் தொடக்கூடாது. சரிந்த இடத்தில் புது நாற்று. உச்சியில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பினோம். இந்த முறை தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை முதலில் பார்த்துவிட்டு வெட்டினோம். விற்பனைக்கான வெட்டிவேரை மணலும் எருவும் நிரப்பிய அரிசிச் சாக்குகளில் வளர்த்தார். அந்தப் பருவம் நெருக்கடியாகத்தான் போனது. அண்ணன் கறிவேப்பிலையோடு கடை கடையாக ஏறி இறங்கினார். அடுத்த திருவிழாவுக்கு முன்னால் பூக்கடைக்காரர் தானே கிராஞ்சிக்கு வந்தார். சாக்கைக் கிழித்து அண்ணி வேரை எடுத்துக் காட்டினார். களிமண் ஒட்டாமல், அறுபடாமல், நீளமாகக் கூந்தல்போல இறங்கியது. பூக்கடைக்காரர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு மேட்டையும் நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "கறிவேப்பிலை எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஊரெல்லாம் கடல்மட்டம் உயரப் போவதைப் பற்றிப் பேச்சு. கரையை உயர்த்துவது, தடுப்பு கட்டுவது என்று செய்தியில் வரும்போதெல்லாம் அண்ணி ஒரே கேள்விதான் கேட்கிறார்: "சரி, தண்ணிய எங்க அனுப்பப் போறாங்களாம்?" அதற்கும் ஆள் வைத்து யோசிக்கிறார்கள் என்று நான் சொன்னால், "நல்லது, உங்கள மட்டும் கூப்பிட்டுடாம இருக்கட்டும்" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கொட்டகையில் அருவி விழுந்த அந்த மழைக்குப் பிறகு விரிப்பை அகற்றும்போது பட்டையின் ஒரு முனை சரிந்த இடத்துச் சேற்றில் புதைந்து, எடுக்க முடியாமல் விட்டுவந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அத விடுங்க தம்பி" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "வராது."

எத்தனையோ டன் சரக்கைக் கட்டி அவிழ்த்த கை இது. ஒரு பழைய பட்டையிடம் தோற்பதா? இரவு பெய்த மழையில் புல் ஈரமாக இருந்தது. காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்தேன்.

அண்ணியின் நாற்காலிக்கு எதிரே, உட்கார்ந்த நிலையில் வந்து சேர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்குமேல் மேட்டை ஒருமுறை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்துவிட்டு, தைல டப்பாவை என்னிடம் நீட்டினார். திரும்பிப் பார்த்தேன். பட்டை அங்கேயே இருந்தது. மேட்டிலிருந்து அன்று சரிந்தது நான் மட்டும்தான்.