உதயகுமார் பெயரில் திருவேங்கடம் போட்ட கோல்

திருவேங்கடம் பதினேழு வருடம் லீக் ஆடினான். ஆட்டங்கள் நூற்று நாற்பத்தொன்று, மஞ்சள் அட்டை பன்னிரண்டு, கோல் சைபர். எங்கள் திருமுல்லைவாயில் அணி சென்னைக் கால்பந்து லீக்கின் கடைசி டிவிஷனில் இருந்தது. அதற்குக் கீழே டிவிஷன் இல்லாததால்தான் நாங்கள் இன்னும் கீழே போகவில்லை. அவன் இடது பேக், எனக்கு முன்னால் நின்று தடுப்பவன். நான் கோல்கீப்பர். அவன் முதுகை என்னளவு பார்த்தவர் யாருமில்லை என்பதால் அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

கோல் போடுவது பேக்குடைய வேலையில்லை, சரி. அதற்காகப் பதினேழு வருடத்தில் தவறிப்போயாவது ஒன்று விழுந்திருக்க வேண்டாமா? திருவேங்கடத்துக்கு நடுக்கோட்டைத் தாண்டுவது வெளியூர் போவது மாதிரி. பத்தடி போனதும் வீட்டைப் பூட்டினோமா என்ற கவலை வந்து திரும்பி ஓடி வந்துவிடுவான்.

அவன் மனைவி சரசாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் பக்கத்து மைதானங்களில் கோல் போட்டவன் பெயரை மைக்கில் சொல்வார்கள். வேறு யார் பெயரையும் சொல்வதில்லை.

"வாரா வாரம் ஒரு மூட்டை சேத்துத் துணி கொண்டாந்து போடற. மைக்குல ஒம்பேர ஒரு தபா கேட்டுக்கீறனா நானு?" என்பாள். அவன் ஷூவைத் தட்டிக்கொண்டிருப்பான். ஆனால் அந்த ஆசை அவனுக்கும் தொற்றிவிட்டது. எனக்குத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரே கம்பெனியில் வேலை. நான் பர்மனென்ட், அவன் கான்ட்ராக்ட். ஒரே மெஷின், ஒரே ஷிஃப்ட், சட்டை நிறம் மட்டும் வேறு. வருடாவருடம் கம்பெனிகளுக்குள் ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். பர்மனென்ட் ஆட்கள் மட்டும்தான் ஆடலாம் என்று சட்டம். பர்மனென்ட் ஆட்களுக்கு வயிறு இருந்தது, கால் இல்லை. அதனால் எல்லாக் கம்பெனியும் ஒரு வேலை செய்தது. பர்மனென்ட் ஒருவனுடைய பெயர் போட்ட பனியனை கான்ட்ராக்ட் ஆளுக்கு மாட்டி இறக்கிவிடும். எதிரணியிலும் இதே கதைதான் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் நாங்கள் எப்படியோ ஃபைனலுக்குப் போய்விட்டோம். நான் ஸ்டோர்ஸில் இருக்கும் உதயகுமாருக்கு போன் போட்டேன். கோவில்பதாகைக்காரன். பந்தைக் காலால் தொட்டதே கிடையாது.

"ஒம்பேர மட்டும் குடு மாமே. நீ வர வாணாம்."

"எடுத்துக்கோ மச்சான், சும்மாத்தான கீது" என்றான். மகளுக்கு மொட்டை போட அன்று திருத்தணி போயிருந்தான்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. திருவேங்கடம் ஆபத்தை விலக்குவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து பாதி மைதானத்தைத் தாண்டி, முன்னால் வந்து நின்றிருந்த அவர்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சரசா இருந்த பக்கமாக ஓடினான். மைக் சொன்னது: "கோல் போட்டவர், உதயகுமார்." தூக்கிய கை பாதியில் இறங்கிவிட்டது.

சிறந்த ஆட்டக்காரர் கோப்பையும் உதயகுமார் பெயருக்கே வந்தது. முதலில் அவன் கூச்சப்பட்டான். பொங்கலுக்குள் ஃபைனலில் பட்ட அடி என்று சொல்லி நொண்டவே ஆரம்பித்துவிட்டான்.

"ஒதச்சது நீ, பேரு அவனுதா?" என்று சரசா கேட்டாள். அதன்பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை. போன் போட்டது நான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

போன வருடம் திருவேங்கடத்தின் பெயர் பர்மனென்ட் லிஸ்டில் வந்தது. வயது முப்பத்தொன்பது. ஆபீசில் கூப்பிட்டு, "ஃபுட்பால் ஆடுவியாமே, நம்ம கம்பெனிக்கு ஆடியிருக்கியா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றால் ஆள்மாறாட்டம், வேலையே போய்விடும்.

"இல்ல சார். உதயகுமார் ஆடுவாரு, பாத்துக்கீறேன். நல்ல ஒத" என்று சொல்லிவிட்டு வந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆக, இந்த வருடக் கோப்பையில்தான் அவன் முதல் முறையாகச் சொந்தப் பெயரில் இறங்கினான். பனியனில் அவன் பெயர் இந்தக் கக்கத்தில் தொடங்கி அந்தக் கக்கத்தில் முடிந்தது. முழங்கால் போய்விட்டதால் இதுதான் கடைசி என்று வீட்டில் சொல்லியிருந்தான். சரசா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பெஞ்சுப் பக்கம் உதயகுமார் நொண்டிக்கொண்டிருந்தான்.

இருபதாவது நிமிடம் பந்து திருவேங்கடத்திடம் வந்தது. பக்கத்தில் எதிரணி ஆள் ஒருவனும் இல்லை. நிதானமாக என்னிடம் தட்டிவிட்டான். நானோ ரெஃப்ரியிடம் ஏதோ நியாயம் கேட்பதற்காகக் கோலை விட்டு வலதுபக்கம் வந்திருந்தேன். பந்து அவசரமே இல்லாமல் உருண்டது. நான் திரும்பி ஓடி, விழுந்து, கை நீட்டி, எல்லாம் செய்தேன். எங்கள் வலைக்குள்ளேயே போய்விட்டது.

மைக்குக்காரர் பந்தை யார் அடித்தது என்று பார்த்தார், பனியனைப் படித்தார், வழக்கம்போல் சொன்னார்: "கோல் போட்டவர், திருவேங்கடம்."

மைதானம் கப்சிப். திருவேங்கடம் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். ஒரே ஒரு இடத்திலிருந்து கைதட்டல் கேட்டது. சரசா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்திலிருந்தவள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, நம்ம கோலுலயே போட்டுக்கிச்சு யக்கா."

"தெரியும். பேரு சொன்னாங்கல்ல, நீ உடு" என்றாள் சரசா. தட்டுவதை நிறுத்தவில்லை.

திருவேங்கடம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் தூக்கினான், இந்தத் தடவை முழுசாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விழுந்ததில் கண்ணுக்குள் மண் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு கோலில்தான் தோற்றோம்.